அபெக்கேயின் இரண்டு கன்னங்கள்

அபெக்கே முதலில் டியூப்லைட்டை அணைப்பாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டார்ச்சைக் காதோரம் பிடித்து, வலது கன்னத்தில் வெளிச்சம் சாய்வாக விழும்படி செய்வாள். நேர் வெளிச்சத்தில் பருக்குழி அவ்வளவாகத் தெரியாது. சாய்த்து அடித்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல் கட்டிக்கொள்ளும். “நல்லாப் பாத்துக்கங்கம்மா. இவ பெரியவ,” என்பாள். பிறகு முகத்தை மெல்லத் திருப்புவாள். அதே வெளிச்சம், அதே கறுப்பு, ஆனால் உரித்த முட்டை மாதிரி ஒரு கன்னம். “இவ சின்னவ. தொட்டுப் பாருங்க, கடிக்க மாட்டா.”

தொடுவார்கள். தொடாமல் ஒருத்திகூடப் போனதில்லை. லாகோஸில் சுருலேரே பக்கம் எங்கள் தோல் கிளினிக்கில் நான் வரவேற்பு மேசைக்காரி. ஏழு வருஷமாக அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மோதிரம் போட்ட விரல், மிளகாய் நெடி மாறாத விரல், நகப்பூச்சு காயாத விரல். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் அவள் முகத்தில் மேய்வார்கள். அபெக்கே கண்ணை மூடிக்கொள்வாள். நானாக இருந்தால் மூன்றாவது ஆளின் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

இதைத் தொடங்கிவைத்த எங்கள் டாக்டர் ஓயெவோலே அம்மாவைக் குறை சொல்வதற்கும் எனக்கு வாய் வரவில்லை. கிளினிக் தொடங்கிய புதிதில் சுவரெல்லாம் ஒட்டியிருந்த படங்கள் வெள்ளைக்காரக் கன்னங்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். “அவங்க தோலுக்கு என்ன, எதைப் பண்ணாலும் ஆறும். நம்ம தோல்ல சூடு பட்டா கரி பிடிச்சுப்போகும், எனக்குத் தெரியாதா? நம்ம மாதிரி ஒருத்தியைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்பார்கள். அப்போது கிளினிக்கில் உதவி நர்ஸாக இருந்தவள் அபெக்கே. இருபத்தேழு வயது, இரண்டு கன்னத்திலும் குழி. டாக்டர் அவளை உட்கார வைத்து இடது பக்கத்துக்கு மட்டும் வைத்தியம் செய்தார். ஃபில்லர் என்கிற கூழ் மருந்தை ஊசியில் ஏற்றினால் அது குழியின் அடியில் தங்கித் தோலைத் தூக்கிப் பிடிக்கும். லேசர் மேலே இருக்கிற கரடுமுரடைச் சமன் செய்யும். நம் தோலுக்கு அதைச் சன்னமாக வைத்து, மாசக்கணக்கில் இடைவெளி விட்டு, பொறுமையாகச் செய்ய வேண்டும். செய்தார். “ஒரு வருஷம் இப்படி இரு கண்ணு, ஜனங்களுக்கு நம்பிக்கை வந்ததும் அந்தப் பக்கத்தையும் முடிச்சிடலாம்” என்றார். அது ஆகிவிட்டது ஏழு வருஷம்.

இடது பக்கத்துக்கு மட்டும் வருஷா வருஷம் மருந்து ஏறுகிறது. அதனால் அந்தக் கன்னத்துக்கு இன்னும் இருபத்தேழுதான். வலது கண்ணோரம் மட்டும் கோடு விழுந்திருக்கிறது. சின்னவள் நசுங்கக் கூடாதென்று ராத்திரி முழுக்க வலது பக்கமாகவே படுப்பாளாம், அதில் பெரியவள் இன்னும் கசங்கிப் போகிறாள். இடது பக்கம் சிரித்தால் கோடு விழும் என்று டாக்டர் எச்சரித்ததிலிருந்து அவள் சிரிப்பும் விநோதமாகிவிட்டது. வலது உதடு முதலில் போகும். இடது உதடு கொஞ்சம் யோசித்துவிட்டு, அனுமதி கிடைத்தது மாதிரி, பின்னால் வரும். பழகியவள் நான், நானே சில நாள் பார்வையை ஃபைலுக்குத் திருப்பிக்கொள்வேன்.

தெருமுனையில் அக்காரா என்கிற பயறு வடை சுடுகிறவள் அவளுக்கு எப்போதும் இரண்டு அக்காரா கூடுதலாகப் பொட்டலத்தில் போடுவாள். “எதுக்கு ஆன்ட்டி?” என்று ஒருநாள் நான் கேட்டேன். “ரெட்டைப் பிறவின்னா சாமிப் பிறவி, குறைச்சுக் குடுத்தா என் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துடும்டி,” என்றாள், விளையாட்டே இல்லாமல். பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தை அபெக்கேயின் இடது முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினால் வீல் என்று அழும். மறுபடி திரும்பினால் அழுகை நின்றுவிடும். “எனக்கு இது பொழுதுபோக்கு,” என்பாள் அபெக்கே. பொய். அன்றைக்கு முழுக்க அவள் வாய் திறக்க மாட்டாள்.

ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னும் தயக்கம்தான். போன வருஷம் ஒரு மதியம் கைகழுவும் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கண்ணாடி முன்னால் அபெக்கே இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, “களைப்பா இருக்கு, போதும்” என்றாள். கையை மாற்றி வலது கன்னத்தை மூடினாள். “எனக்கு ஒண்ணும் களைப்பில்லையே” என்று ஒரு மெல்லிய குரல் வந்தது. அவளோடு எட்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வந்துவிட்டேன்.

இப்படி இருந்தவளுக்கு லுக்மான் வந்து சேர்ந்தான். மொட்டைமாடி ஜெனரேட்டரைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக். “எனக்கு ரெண்டு பேருமே சம்மதம், ஆனா சோறு ஒருத்திக்குத்தான் போட முடியும்” என்று அவன் சொன்னபோது அபெக்கே இரண்டு உதட்டாலும் ஒரே சமயத்தில் சிரித்ததைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பெண்ணை அம்மாவிடம் காட்ட வீட்டுக்கு அழைத்துப் போனான். அந்த அம்மா வாசலில் அவளுடைய இடது பக்கமாக வந்து கட்டிக்கொண்டாள், முத்தம் கொடுத்தாள், தண்ணீர் எடுத்து வந்தாள். டம்ளரை வாங்க அபெக்கே திரும்பினாள். டம்ளர் தரையில் விழுந்தது.

“இவ யாரு? அந்தப் பொண்ணு எங்க போனா?”

விஷயத்தைச் சொல்லிப் புரிய வைக்க லுக்மானுக்கு அரைமணி நேரம் பிடித்தது. கடைசியில் அந்த அம்மா அபெக்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: “குழி இருந்தா எனக்கென்னம்மா? என் புருஷன் கன்னத்துல குல அடையாளமாக் கிழிச்ச கீறல் மூணு மூணு இருந்துச்சு, நாப்பது வருஷம் குடும்பம் நடத்தலையா? அழகா வந்தாலும் வா, குழியோட வந்தாலும் வா. ஆனா ஒருத்தியா வா. ரெண்டு பேரை நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன்.”

கல்யாணத்துக்கு இரண்டு மாசம் இருந்தது. வலது பக்கத்தையும் முடித்துவிடச் சொல்லி அபெக்கே டாக்டரிடம் போய் நின்றாள். “புதுக் கிளை திறக்கட்டும்” என்றார். மறு வாரமும் போனாள். “கண்ணு, நீதான் என் கடைப் பலகை. பலகையை யாராவது கழட்டுவாங்களா?” என்று கன்னத்தைத் தட்டினார், இடது கன்னத்தை. வெளியே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்குக் கண்ணாடியில ஒருத்தியைப் பாக்கணும்டி. ஒரே ஒருத்தி. எவளா இருந்தாலும் சரி,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு லேஸ் துணி வியாபாரம் செய்யும் ஓர் அம்மா வந்தார். தலையில் பெரிய துணிக்கட்டு, பெரிய குரல், இரண்டு கன்னத்திலும் குழி. நான் ஃபைலோடு உள்ளே போனேன். டாக்டர் நாற்காலியில் இருந்தார். அபெக்கே டியூப்லைட்டை அணைக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஃபில்லர் தப்பான இடத்தில் ஏறிவிட்டால் அதைக் கரைக்கிற மருந்து அது.

“டாக்டரம்மா, இன்னைக்குப் பெரியவளுக்கு ஆரம்பிச்சிடுங்க. இல்லேன்னா சின்னவளை நான் கரைச்சிடுறேன்.”

டாக்டர் சிரித்தார். “பேஷன்ட் முன்னால என்ன விளையாட்டு? கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்.”

“கல்யாணத்துக்குத்தான் வேணும்மா.”

“லேசர் பண்ணது திரும்பி வராது அபெக்கே. கரைச்சாலும் ரெண்டும் ஒண்ணாகாது.”

“ஒண்ணாக வேணாம். அக்கா தங்கச்சின்னு சொல்ற அளவுக்கு வந்தாப் போதும். இப்போ ஒண்ணுக்கொண்ணு யாருன்னே தெரியாம இருக்காங்க.” அவள் என்னைப் பார்த்தாள். “கண்ணாடியைப் பிடிடி.”

பிடித்தேன். என் வேலையும் போகும் என்று தெரிந்துதான் பிடித்தேன். அவள் மருந்தைக் கலந்து ஊசியில் இழுத்தாள்.

“அலர்ஜி வந்து மூச்சு முட்டினா யார் பதில் சொல்றது?” டாக்டர் எழுந்துவிட்டார்.

“நேத்தே கையில குத்திப் பாத்துட்டேன். தடிக்கல.”

இடது கன்னத்தில் ஒரு குழிகூட வெளியே தெரியவில்லை. ஆனால் எது எங்கே புதைந்திருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது இடத்தில் குத்தினாள், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. டாக்டர் கை நீட்டினார், ஊசி கன்னத்துக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு அபெக்கே கட்டைவிரலால் கன்னத்தை நீவிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாடியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சில நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கண்ணுக்குக் கீழே ஓரிடம் லேசாக உள்ளே இறங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தாடையோரம் ஒன்று. உள்ளேயிருந்து யாரோ விரலால் மெல்ல இழுப்பதுபோல் அந்தக் கன்னம் எங்கள் கண்ணெதிரே ஏழு வருஷத்தைக் கடந்துகொண்டிருந்தது. வலது பக்கத்தளவு ஆழம் இல்லைதான். ஆனால் ஜாடை தெரிந்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“ஆண்டவரே!” என்றார் லேஸ் துணி அம்மா. பயத்தில் நாற்காலியோடு பின்னால் போனவர், ஆவல் தாங்காமல் மறுபடி முன்னால் குனிந்து, ஆள்காட்டி விரலை அந்தக் கன்னத்தை நோக்கி நீட்டினார்.

அபெக்கே அந்த விரலை வழியிலேயே பிடித்தாள். முரட்டுத்தனமாக இல்லை. மற்ற விரல்களையும் சேர்த்து மடக்கி, அந்த அம்மாவின் கையை அவர் மடியிலேயே கொண்டுபோய் வைத்தாள்.