பிளாஸ்க்கில் ஒரு வெந்நீர் ஊற்று

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய அந்த ஆராய்ச்சி மாணவி, நிழல் பக்கம் இடமிருந்தும் வெயிலடிக்கும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மடியில் துண்டு சுற்றிய பழைய பிளாஸ்க். அடிக்கடி துண்டுக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டார்.

“உள்ள என்னம்மா?” என்று எதிர் சீட்டிலிருந்து கேட்டேன்.

“பாக்டீரியா சார். வெந்நீர் ஊத்துல வளர்றது. கொதிக்கிற சூட்டுலதான் உயிரோட இருக்கும், ஆறினா செத்துடும். காட்டாங்குளத்தூர் லேப்புக்குக் கொண்டு போறேன்.”

வண்டலூர் தாண்டி ரயில் நின்றுவிட்டது. பெட்டியே வியர்வையில் நனைந்தது. அவர் துப்பட்டாவையும் எடுத்து பிளாஸ்க்கின் மேல் சுற்றினார்.

“இந்த வெயில் பத்தாதா?”

“அதுக்கு இது ஐஸ் சார்.”

வெயிலைத் திட்டியே பழகிய நான், அது போதவில்லையே என்று அன்றுதான் தவித்தேன்.

ஒருவழியாக அவருடைய ஸ்டேஷன் வந்ததும், ஓடட்டும் என்று வழிவிட்டேன். பிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தவர், “ஆறிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டு எல்லோரையும் இறங்கவிட்டு மெதுவாக நடந்தார். துப்பட்டாவை மட்டும் பிரிக்கவில்லை.