ஒரே ஃப்யூஸில் இரண்டு மெஷின்

ராபர்ட்சன்பேட்டையில் எட்மண்டின் கம்ப்யூட்டர் கடைக்கு, முதன்முதலாகச் சொந்த மெஷின் கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். கேபினெட்டுக்குள் எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதனால் எலைன் நீட்டிய பட்டியலைப் பார்த்ததும் எட்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை வாட் இழுக்கும் என்று குறித்திருந்தாள். விலைக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

"இன்னா சிஸ்டர், கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, கரண்ட் ஆபீசுக்கு ரிப்போர்ட் எடுக்க வந்தீங்களா?"

எலைன் சிரிக்கவில்லை. எட்மண்டின் கண் பட்டியலின் கடைசி வரிக்குப் போனது. கோடு போட்டு அதன் கீழே 'டாடி – 350' என்று எழுதியிருந்தது.

எலைனுக்கு முப்பத்துநாலு வயது. சாம்பியன் ரீப்ஸில் பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பு வரிசையில் அப்பா ஆஸ்டினோடு இருக்கிறாள். ஆஸ்டின் பதினான்கு வருடம் பூமிக்கடியில் பாறை துளைத்தவர். அந்தத் தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மெஷினால்தான் இரண்டு வருடமாக மூச்சு விடுகிறார். அறையின் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற அந்த மெஷினுக்கு முந்நூற்றைம்பது வாட் வேண்டும். கரண்ட் போனால் விடாமல் கத்தும். உடனே மூலையில் நிற்கும் சிலிண்டரைச் சாவி போட்டுத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். மூச்சு குறைந்த மறுகணமே ஆஸ்டினுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிடும் என்பதால் அவரால் அதைச் செய்ய முடியாது.

போன ஏப்ரலில் எலைன் வீட்டில் இருந்தபோதே ஒருநாள் கரண்ட் போனது. அவசரத்தில் சாவி கைநழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது. தேடி எடுத்துத் திறப்பதற்குள் அப்பாவின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கே சாவியைச் சிலிண்டரின் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். ஆனால் பயம் போகவில்லை. விடியற்காலை ரயிலில் ஆபீசுக்காக ஒயிட்ஃபீல்டு போய் இறங்கும்வரை போனைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டாள். இறங்கியதும் பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்குப் போன் போட்டு, பின்னால் அந்த மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் டீ குடிப்பாள்.

பகல் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொண்டது வெங்கடம்மாதான். அவர் ஓசூரிலிருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறார். சாமான் ஏற்ற ஞாயிற்றுக்கிழமை வண்டி சொல்லியாகிவிட்டது.

எலைனின் வேலை, கேம்களை வெளியிடுவதற்கு முன்னால் ஆடிப்பார்த்துக் குறை கண்டுபிடிப்பது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைப் பதிவு செய்ய வேண்டும், குறைகளைப் படிவத்தில் ஏற்ற வேண்டும், வீடியோ காலில் பேசவும் வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில். வீட்டிலிருந்து செய்யட்டுமா என்று அவள் மூன்றாவது முறை கேட்டபோது டீம் லீடர் ராகேஷ் ஒரு நிபந்தனை வைத்தான். சொந்த மெஷினில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் சோதனை. நின்றாலோ திக்கினாலோ பழையபடி ஆபீஸ். பழையபடி ஆபீஸ் என்றால் வேலையை விடுவதுதான் என்று எலைனுக்குத் தெரியும். திங்கட்கிழமை முதல் சிலிண்டரைத் திறக்க வீட்டில் ஆள் இருக்காது.

அதனால்தான் வாட் கணக்கு. ஆக்சிஜன் மெஷின், ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு எல்லாமே கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு ஃப்யூஸில்தான் ஓடுகின்றன. கம்ப்யூட்டரும் அதில்தான் ஓடியாக வேண்டும். அப்பாவோடு இருப்பதற்காக வாங்குகிற மெஷின் ஃப்யூஸைப் போக்கி அப்பாவின் மூச்சை நிறுத்திவிட்டால்? இரண்டு வாரமாக இதே நினைப்பு. வீட்டுக்கு இன்வெர்ட்டர் அடுத்த வருஷம்தான் சாத்தியம். வீடியோ பார்த்தும் கேட்டும் அவளாகக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் ஐந்நூற்றைம்பது என்று போட்டிருந்தால் அது எப்போதும் அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தமில்லை, அதிகபட்சம் அவ்வளவு கொடுக்க முடியும் என்றுதான் அர்த்தம். தரமான எஸ்.எம்.பி.எஸ். என்றால் சுவரிலிருந்து வீணாக இழுப்பது குறையும். ஆக, அதில் கை இறுக்கக் கூடாது. பிராசசர் ஆறு கோர் போதும், அறுபத்தைந்து வாட் ரகம். ராம் முப்பத்திரண்டு ஜிபி. அதைக் கூட்டினாலும் கரண்ட் பெரிதாக ஏறாது, பல வேலைகளைச் சேர்த்துச் செய்ய அதுதான் உதவும்.

கேபினெட்டில்தான் எட்மண்டோடு அரைமணி நேரம் போனது. முன்பக்கம் முழுக்க வலையாக இருப்பதில் காற்று நன்றாகப் போகும் என்றான் அவன். ஆடிக்காற்றில், தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூளும் சேர்ந்து போகுமே என்றாள் அவள். கடைசியில் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் வைத்த ஒன்றை எடுத்தார்கள். உள்ளே வைக்கும் ஃபேன்களைக் கடையிலேயே ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். பெரிதாக, மெதுவாகச் சுற்றுகிறவை இரண்டைப் பொறுக்கினாள். கம்ப்யூட்டர் சத்தம் போட்டால் அப்பாவின் மெஷின் நின்றதோ ஓடுகிறதோ காதில் விழாது.

மிஞ்சியது கிராபிக்ஸ் கார்டு. அவள் எழுதிவந்தது நூற்றுப்பதினைந்து வாட் கார்டு. எட்மண்ட் தலையை ஆட்டினான். கேம் ஓட்டிக்கொண்டே பதிவும் செய்தால் அது மூச்சுவாங்கும், நடுவில் திக்கினால் இத்தனை பாடும் வீண் என்றான். இருநூற்றிருபது வாட் கார்டை எடுத்து முன்னால் வைத்தான். எலைன் மறுபடி கூட்டிப் பார்த்தாள். கணக்குப்படி ஃப்யூஸ் மட்டுமட்டாகத் தாங்கும். ராகேஷின் முகம் மனதில் வந்தது. பெரிய கார்டையே எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமையிலிருந்து மூன்று நாள் லீவு போட்டு, முதல் நாளே மெஷினைக் கட்டினாள். மதர்போர்டில் பிராசசரை உட்காரவைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்டின், இவ்வளவு திருகாணிக்கு எங்க காலத்தில் கல் அள்ளும் டிராம் வண்டி ஒன்றையே மாட்டியிருப்போம் என்றார். வியாழக்கிழமை காலை, சிலிண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு, முதல் முறையாக கேமையும் பதிவையும் சேர்த்து ஓட்டினாள். ஒரு கை மவுஸில், ஒரு கை சாவிக் கயிற்றில். பத்து நிமிடம் ஆனது. அரைமணி ஆனது. ஃப்யூஸ் போகவில்லை. ஆக்சிஜன் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவள் தோள் இறங்கியது.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. மீன் கருகியது போல ஒரு நாற்றம். முதலில் புதுக் கார்டைத்தான் சந்தேகப்பட்டாள். கேபினெட்டைத் தொட்டால் வெதுவெதுப்புதான். மோப்பம் பிடித்துக்கொண்டே போனாள், கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஃப்யூஸின் வெள்ளைப் பீங்கான் ஓரம் பழுப்பேறியிருந்தது. பின்னாலிருந்த மரப்பலகையில் விரல் வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அதற்கு நேர் கீழே ஆக்சிஜன் குழாய் சுருண்டு கிடந்தது.

அதுவரை ஃப்யூஸ் போய்விடுமோ என்றுதான் பயந்திருந்தாள். போகாமல் இருப்பதற்கும் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆக்சிஜன் ஓடும் அறையில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சாமி விளக்கைக்கூட அடுத்த அறைக்கு மாற்றியிருந்தாள்.

கம்ப்யூட்டரை அணைத்தாள். ஃப்யூஸைக் கழற்ற வேண்டுமானால் மெயினை நிறுத்த வேண்டும், மெயின் நின்றால் அப்பாவின் மெஷின் நிற்கும். சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி, ஆக்சிஜன் ஓடுவதைக் காட்டும் மீட்டரில் உருண்டை மேலே ஏறி நிற்பதைப் பார்த்து, அவர் மூன்று முறை மூச்சிழுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மெயினை இறக்கினாள். ஆக்சிஜன் மெஷின் கத்தத் தொடங்கியது. அந்தக் கத்தலுக்கு நடுவே ஃப்யூஸைப் பிடுங்கினாள். தலைமுடி போன்ற ஒற்றைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆறேழு செம்புக் கம்பிகளை யாரோ முறுக்கித் திணித்திருந்தார்கள். அந்தத் தடிமனுக்குத் திருகாணி சரியாக இறுகவில்லை. இறுகாத இடத்தில்தான் சூடேறியிருக்கிறது.

"டாடி, இத்த யாரு கட்டுனது?"

ஆஸ்டின் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "நான்தாம்மா. போன மழைக்கு ஒருநாள் ஃப்யூஸ் போய்ட்டுது. நீ ரயில்ல இருந்த. வெங்கடம்மா சிலிண்டரத் தொறந்தா, நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டிட்டேன். உங்கிட்ட சொல்லாதன்னேன்."

"இவ்ளோ தடியாவா?"

"காத்து நிக்கக் கூடாது இல்ல?"

அப்போதுதான் எலைனுக்குப் புரிந்தது. மூச்சு கெட்ட பிறகு ஆஸ்டினைச் சுரங்கத்துக்கு மேலே ஃபேன் ஹவுசில் போட்டிருந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டில் காற்று அனுப்பும் பெரிய மின்விசிறியைக் காவல் காப்பது வேலை. பதின்மூன்று வருடம் செய்தார். ஷிப்டு ஆட்கள் கீழே இருக்கும்போது எது நின்றாலும் அது மட்டும் நிற்கக் கூடாது. அந்த லைனில் மெல்லிய கம்பி போட மாட்டார்கள்.

"அது ஃபேன் ஹவுசு, டாடி. இது வீடு."

"கீழ ஆளு இருந்தா எல்லாம் ஒண்ணுதான்," என்றார் ஆஸ்டின்.

எலைன் வெங்கடம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய ஃப்யூஸை வாங்கிவந்து, சரியான கம்பியைக் கட்டி மாட்டி மெயினைத் தூக்கினாள். பலகை குளிர்ந்தே இருக்கிறதா என்று மத்தியானம்வரை கால்மணிக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். கருகியதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள். இனி அதிகம் இழுத்தால் ஃப்யூஸ் போகும், போகத்தான் வேண்டும். ஆனால் போகாதபடி பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை காலை, அரைமணி நேரம் வெங்கடம்மாவை உட்காரவைத்துவிட்டு, பெரிய கார்டோடு கடைக்குப் போனாள். பிரித்த பெட்டியைத் திருப்பி எடுப்பதில்லை என்று எட்மண்ட் போர்டைக் காட்டினான். எலைன் காகிதத்தைப் பிரித்து வைத்து, மைன்ஸில் இருந்த டாடி கட்டியது என்றாள். அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். சின்னக் கார்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கடையப் பாத்துக்கோங்க சிஸ்டர்," என்றான். "எங்கப்பாவும் மைன்ஸ்லதான் இருந்தாரு. எங்கூட்டு ஃப்யூசப் பாத்துட்டு வந்துர்றேன்."

சனிக்கிழமை பத்து மணிக்கு ராகேஷ் திரையின் மூலையில் வந்து உட்கார்ந்தான். சின்னக் கார்டு மூச்சுவாங்கத்தான் செய்தது. கேமில் நிழலும் தண்ணீரும் தெரிகிற தரத்தை ஒருபடி குறைத்து வைத்ததும் சமாளித்துக்கொண்டது. பதிவு ஓடியது, படிவம் நிறைந்தது. ஒன்றேகால் மணி நேரம் ஆனபோது ராகேஷ் நிறுத்தச் சொன்னான். மெஷின் பரவாயில்லை, ஆனால் கேமில் பாலத்தின் மேல் நடக்கும்போது இடது பக்கக் காலடிச் சத்தமே வரவில்லையே, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டான்.

எலைன் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். ஹெட்போனின் இடது காதை அவள் முதலிலிருந்தே கழற்றி வைத்திருந்தாள். அந்தக் காது கட்டிலுக்கு.

மறைக்காமல் சொன்னாள். ராகேஷ் அப்பா எப்படி இருக்கிறார் என்று கன்னடத்தில் விசாரித்தான், அவர்கள் இருவரும் ஆபீசில் பேசுவது அப்படித்தான். பிறகு தமிழில், "இந்த வேலைக்கு ரெண்டு காதும் வேணும் எலைன்," என்றான். "இன்னும் முக்கால் மணி இருக்கு. ஆடிக் காட்டுங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க."

ஒரு நிமிடம் கேட்டாள். மேசையைத் தூக்கித் திருப்பினாள். மானிட்டரின் விளிம்பைத் தாண்டினால் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினின் மீட்டரும் தெரிகிற மாதிரி போட்டாள். ஆஸ்டின் தூங்கியிருந்தார். தூங்கினால் அவர் மார்பு ஏறி இறங்குவது போர்வைக்கு மேல் தெரியாது. மீட்டருக்குள் அந்தச் சின்ன உருண்டை மட்டும் இரண்டாம் கோட்டில் மிதந்துகொண்டிருந்தது. மெஷின் பழுதாகி நின்றாலோ குழாய் மடங்கினாலோ அது கீழே விழுந்துவிடும். இரண்டு காதையும் மூடினாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக, விழித்திருக்கும்போதே, அந்த வீட்டில் அப்பாவின் மெஷின் சத்தம் அவளுக்கு இல்லாமல் போனது.

பாலத்தின் மேல் நடந்தாள். கண் உருண்டைக்குப் போய்வந்தது. கதவைத் திறந்தாள். மறுபடி உருண்டை. நாற்பத்தைந்து நிமிடமும் அப்படியே. குறைகள் ஒன்பது எழுதினாள், அதில் சத்தத்தில் மட்டும் நான்கு. திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ராகேஷ் சொன்னது முடிவதற்குள் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவனுக்கு நன்றி சொல்ல முடிந்தது.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. வெங்கடம்மா வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். எலைன் ஒன்பது மணிக்கு இரண்டு காதையும் மூடிக்கொண்டு உட்காருகிறாள். மற்றவர்களைவிடப் படிவம் கொஞ்சம் தாமதமாக வருகிறது என்று ராகேஷ் இரண்டு தடவை சொல்லிவிட்டான். சரி செய்துகொள்கிறேன் என்கிறாள். ஆனால் வரிக்கு வரி கண் திரையை விட்டு மேலே போகிறது. உருண்டை மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரியை எழுதுகிறாள்.