உங்கள் இஷ்டம், சிஸ்டர்

கன்னியர் மடத்துக்குத் தலைவி என்றால் செபம், தவம், அமைதி என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது நாள் முழுக்க யாராவது வந்து கதவைத் தட்டுகிற வேலை. வீட்டில் மூத்த மருமகளாகவோ, ஆபீசில் செக்‌ஷனுக்குப் பெரியவராகவோ, அபார்ட்மெண்டில் செயலாளராகவோ இருந்து, ‘எதுக்கெடுத்தாலும் என்னையே ஏன் கேக்கறீங்க’ என்று ஒரு தடவையாவது கத்தியிருப்பீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சாந்தோமில் கடற்கரைக்குப் போகிற சந்து ஒன்றில் எங்கள் வீடு. நாங்கள் நான்கு பேர். நான், எழுபத்தெட்டு வயது சிஸ்டர் பிலோமினா, நாற்பத்தாறு வயது சிஸ்டர் ஆரோக்கியம், முப்பதைத் தொடாத சிஸ்டர் ஜான்சி. மற்ற மூவரும் என்னை ‘மதர்’ என்பார்கள். நான் சொல்லப்போகிறதெல்லாம் கடைசியில் ஆரோக்கியத்திடம்தான் போய் முடியும். இந்த வருடம் அவர் ஒரே ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுதினால் இந்த வீட்டை விட்டுப் போவார், எழுதாவிட்டால் இருப்பார். அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போர்டு வந்த நாள்

முன்பெல்லாம் எங்கள் சபையில் எல்லாவற்றுக்கும் அனுமதி. சோப்பு தீர்ந்தால் அனுமதி, பல் வலித்தால் டாக்டரிடம் போக அனுமதி, அக்கா மகள் கல்யாணத்துக்கு அனுமதி. தலைவி சொல்வதுதான் கடவுள் சித்தம் என்று எனக்கு இளம் வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். ரொம்ப சௌகரியமான ஏற்பாடு. முடிவு தப்பாகப் போனால் அது தலைவியின் பாவம், நமக்கென்ன வந்தது?

மூன்று வருடத்துக்கு முன்னால் சபையின் பொதுப் பேரவை கூடி இதை மாற்றிவிட்டது. இனிமேல் அனுமதி கிடையாது, பொறுப்புள்ள சுதந்திரம்தான். அவரவரே செபித்து யோசித்து முடிவெடுக்க வேண்டும், மற்றவர்களுக்குத் தெரிவித்தால் போதும். நான் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை போர்டு மாட்டி, மூன்று கட்டம் போட்டேன்: பெயர், போகும் இடம், திரும்பும் நேரம். இனி மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். அன்றைக்கு இரண்டு மணிக்குப் படுத்தேன். இரண்டு பத்துக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பிலோமினா, கையில் மார்க்கர் பேனாவோடு.

“போர்டுல எழுதிக்கலாமான்னு கேக்க வந்தேன் மதர்.”

கண்ணாடிக் கடை

அதே பிலோமினாவின் மூக்குக் கண்ணாடி ஒரு நாள் கீழே விழுந்து உடைந்தது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது, நீங்களே போய்ப் பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். பத்து மணிக்குப் போனவர் பன்னிரண்டாகியும் வரவில்லை. கடைசியில் கடைக்காரரே போன் செய்து என்னை வரச்சொன்னார். மாட வீதியில் அந்த நேரத்து நெரிசலில் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து போனது. ஒரு கண்ணாடி வாங்குவதற்கு ரெண்டு கன்னியாஸ்திரியா என்று வழியெல்லாம் எனக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கடையில் கவுண்டர் முழுக்க ஃபிரேம் பரப்பிக் கிடந்தது. பிலோமினா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வருடமாகச் சபை எதைக் கொடுத்ததோ அதைப் போட்டுக்கொண்டவர். கடைக்காரர் பயந்துபோய் என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனார். அவர் சொன்னதைக் கேட்டபிறகு என் கோபத்தை யார் மேல் வைப்பதென்று எனக்கே தெரியவில்லை.

“விலை கம்மியா எதுன்னு கேட்டாங்க, எடுத்து வெச்சேன் மேடம். இதுல உங்களுக்குப் பிடிச்சது எதும்மான்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன், அழ ஆரம்பிச்சுட்டாங்க.”

ஜான்சியும் சாவியும்

ஜான்சி நேர் எதிர். போர்டு மாட்டிய மறுநாளே சுதந்திரம் அவருக்குப் பழகிவிட்டது. ‘போகும் இடம்’ கட்டத்தில் ‘வெளியே’ என்று எழுதுவார், ‘திரும்பும் நேரம்’ கட்டத்தில் ‘பிறகு’ என்று எழுதுவார். வெளியே என்றால் எங்கே, பிறகு என்றால் எப்போது என்று கேட்டால், நீங்கள்தானே மதர் ஃப்ரீடம் என்றீர்கள் என்பார். சேசு மரி சூசை! சொன்னேன்தான், இல்லையென்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை தோறும் எங்கள் கீழ்க்கூடத்தில் குப்பத்துப் பெண்களுக்குத் தையல் வகுப்பு. அதற்குப் பொறுப்பு ஜான்சி. ஒரு சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி என்று அடையாருக்குப் போய்விட்டார், கூடத்துச் சாவி அவர் பைக்குள். மே மாதத்து வெயிலில் பதினெட்டுப் பெண்கள் கேட்டில் நின்றார்கள். நான் மோர் கரைத்து ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோனேன். ஜான்சி வந்ததும் நான் திட்டியதற்கெல்லாம் பதில் இருந்தது. மீன் விற்றுவிட்டுத் தையலுக்கு வரும் ஒரு அம்மா மெதுவாகச் சொன்னதைக் கேட்டபிறகுதான் சாவியைக் கொண்டுபோய் வாசல் ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து போர்டில் ஜான்சி நிமிடம் வரைக்கும் எழுதுகிறார், பக்கத்திலேயே ‘சாவி ஆணியில்’ என்றும் எழுதுகிறார்.

“நீங்க பாட்டுக்கு போய்ட்டீங்க சிஸ்டர். பாதி கூடைய அப்டியே உட்டுட்டு வந்து நாங்க வெயில்ல காஞ்சிக்கினு கீறோம்.”

உறை வராத வருடம்

இனி ஆரோக்கியம். எங்களுக்கு மே மாதம் என்றால் மாற்றல் மாதம். பழுப்பு உறை வரும், பிரித்தால் ஊர்ப் பெயர் இருக்கும், பெட்டியைக் கட்டுவோம். இந்த வருடம் உறைக்குப் பதிலாக எங்கள் ப்ரொவின்ஷியலிடமிருந்து, அதாவது தலைவிகளான எங்களுக்கெல்லாம் மேலே இருப்பவரிடமிருந்து, பொதுவாக ஒரு கடிதம் வந்தது. பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் சகோதரிகள் இருவர் தங்கி வேலை செய்கிறார்கள், மூன்றாவதாக ஒருவர் வேண்டும், விருப்பமுள்ளவர் தேர்ந்து தெளிந்து மாதக் கடைசிக்குள் எனக்கு நேரே எழுதலாம், தலைவிகள் யாரையும் போகச் சொல்லவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம் என்று. தேர்ந்து தெளிவது என்றால் செபித்து, யோசித்து, நாலு பேரிடம் பேசி, பிறகு தானே முடிவெடுப்பது.

அது ஆரோக்கியத்துக்கென்றே எழுதியது போல இருந்தது. அடையாற்றங்கரைக் குடிசைகளில் பன்னிரண்டு வருடம் மாலை வகுப்பு நடத்தியவர் அவர். அரசாங்கம் குடிசைகளை எடுத்துவிட்டு அந்தக் குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றியபிறகு சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய்விட்டு, முகம் தொங்கித் திரும்புவார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஏழு பெண் பிள்ளைகளின் பேரைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாகச் சொல்வார். போக வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் இருந்தது, எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடிதம் எழுதினாரா? தினம் சாயங்காலம் என் அறைக்கு வந்து, போகட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். உங்கள் இஷ்டம் சிஸ்டர் என்றேன். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒன்பதாவது நாள் நான் கையிலிருந்த செபமாலையை மேசையில் வைத்துவிட்டு, அம்மா தாயே, நான் என்னதான் சொல்லணும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

“நீங்க ‘வேண்டாம்’னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மதர். வருத்தப்பட்டுக்கிட்டே நிம்மதியா இருந்துடுவேன்.”

கன்னியம்மா கொண்டுவந்த காபி

எங்கள் வீட்டில் சமைக்கிற கன்னியம்மாவும் அந்த ஆற்றங்கரைக்காரிதான். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, அன்றைக்கு என் சமையல், அதை மற்ற மூவரும் ஒரு தவமாக நினைத்துச் சாப்பிடுவார்கள். ஆரோக்கியம் என் அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலமும் காபி கொண்டுவந்து வைத்தவள் அவள். ஒரு நாள் நான் அவளிடம் புலம்பினேன். பார் கன்னியம்மா, நானும் படித்துப் படித்துச் சொல்கிறேன், உங்கள் இஷ்டம் உங்கள் இஷ்டம் என்று, இந்த அம்மா முடிவெடுக்க மாட்டேன் என்கிறாரே என்று.

அவள் டம்ளரை எடுக்காமல் நின்றாள். நான் ‘உங்கள் இஷ்டம்’ என்று மட்டுமா சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அதோடு ஒரு வால் வைத்தேனா இல்லையா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், வைத்திருக்கிறேன். பிலோமினாவுக்குத் தினம் இன்சுலின் ஊசி யார் போடுவார்களோ தெரியவில்லை, உங்கள் இஷ்டம். காலையில் மெட்ரோ தண்ணீர் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட ஆள் இல்லை, உங்கள் இஷ்டம். அங்கே ஐந்தாவது மாடியாமே, உங்கள் முட்டிவலிக்கு எப்படியோ, உங்கள் இஷ்டம். நர்சிங் படித்தவர், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர், நான் எரிந்து விழுந்தாலும் சிரிக்கிறவர். அவர் போனால் என் பாடு திண்டாட்டம், அதுதான் விஷயம். ஆனாலும் சமையல்காரி அதை என் முகத்துக்கு நேரே சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது, இரண்டு நாள் அவள் காபியைக் குடிக்கவில்லை.

“வாய் இன்னாவோ ‘உன் இஷ்டம்’னு சொல்லுது மதர், கை முந்தானைய புடிச்சிக்கினு கீது.”

ஒரு போன்

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ப்ரொவின்ஷியலுக்குப் போன் போட்டேன். ஆரோக்கியம் போவதற்கு நான் வழிவிட வேண்டுமா, இல்லை வீட்டு நிலைமையைச் சொல்லி நிறுத்தலாமா, நீங்களே ஒரு முடிவு சொல்லிவிடுங்கள், நான் அப்படியே செய்கிறேன் என்றேன்.  அவர் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இப்ப நீங்க அனுமதியா கேக்கறீங்க மதர்?”

ஊசி

மறுநாள் காலையில் ஆரோக்கியத்திடம் போய், எனக்கு இன்சுலின் போடச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. முதல் இரண்டு நாள் பக்கத்தில் நின்றார், மூன்றாம் நாள் நானே தனியாக. ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு இப்படியொரு பாடம். பிலோமினா கட்டிலில் உட்கார்ந்து, தாமே தேர்ந்தெடுத்த தவிட்டு நிறக் கண்ணாடி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கண்ணாடியை வாங்க அவருக்கு இன்னும் மூன்று தடவை கடைக்குப் போக வேண்டியிருந்தது, அந்தக் கதை வேறு.

ஊசியை நீட்டிக்கொண்டு, எங்கே போடட்டும் என்று கேட்டேன். முன்பென்றால் உங்கள் இஷ்டம் மதர் என்றிருப்பார்.

“இடது பக்கம் போடுங்க. அதுதான் எனக்குப் பிடிச்ச பக்கம்.”

மூன்றாவது கட்டம்

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் ஆரோக்கியத்தை நானே கூப்பிட்டேன். ஊசி நான் போடுவேன், மோட்டாரை ஜான்சி பார்த்துக்கொள்வார், நான் உங்கள் முன்னால் எடுத்து வைத்த காரணமெல்லாம் என்னுடையது, திரும்ப எடுத்துக்கொண்டேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தால் முகம் வெளிறிப்போனது. இனி உங்கள் மேல் பழி போட முடியாதே மதர் என்றார். போய்ச் செபிக்கிற அறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கடிதம் எழுதினாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் எனக்கு நாக்கில் புண் வராததுதான் பாக்கி. எழுதிவிட்டார் என்பது பத்து நாள் கழித்து ப்ரொவின்ஷியலின் பதில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு பெட்டி, ஒரு பை, கூடவே வீட்டுக்குத் திரும்புகிற கன்னியம்மா. மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ஆரோக்கியம் போர்டின் முன்னால் நின்றார். பெயரை எழுதினார், பெரும்பாக்கம் என்று எழுதினார், மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பழக்க தோஷம், திரும்பி என்னைப் பார்த்து, இதில் என்ன எழுதட்டும் மதர் என்று கேட்டார். வாராவாரம் வந்துவிடுங்கள் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. பிலோமினா பின்னாலிருந்து என் முழங்கையை இடித்தார். அடுப்பில் பால் வைத்திருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு சமையல்கட்டுக்குள் போய் நின்று கொஞ்சம் அழுதேன். கேட் சாத்துகிற சத்தம் கேட்டபிறகு வெளியே வந்து பார்த்தேன். அவர் எழுத்து எப்போதும் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“மாதத்தின் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு. மதர் சமைக்க வேண்டாம்.”

மூன்று வருடமாக ‘உங்கள் இஷ்டம், உங்கள் இஷ்டம்’ என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு, ஒருவர் உண்மையாகவே தன் இஷ்டப்படி போனதும் மூன்று நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத தலைவி எங்கள் சபையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.