இரண்டாவது குட்டு

பிளஸ் டூ முடித்த கையோடு, ராணுவக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். எங்களுடையது கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற பரம்பரை. சொன்னதோடு விடாமல் எழுத்துத் தேர்விலும் பாஸாகித் தொலைத்தான்.

அன்றிலிருந்து எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டில் அவனுக்குத் தினமும் பாதாம் பால். எனக்கு வழக்கமான பால், ஆடையோடு. வாட்ச்மேன்கூட என்னை நிறுத்தி, "இன்னா நைனா, அண்ணன் மிலிட்டரிக்குப் போறானாமே! நீ இன்னா பண்ணப்போற?" என்று கேட்டார். ஆறாம் வகுப்பு பாஸ் பண்ணப்போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்ததும் அண்ணனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பாதம் தட்டையாக இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ நண்பன் கிளப்பிவிட்டிருந்தான். ஈரக்காலைத் தரையில் வைத்தால் தடத்தின் நடுவில் வளைவு தெரிய வேண்டுமாம். தண்ணீர்த் தடம் வெயிலில் நொடியில் காய்ந்து மறைந்தது. அதனால், அம்மா மாக்கோலத்துக்காகக் கரைத்து வைத்திருந்த அரிசி மாவில் காலை நனைத்து, பால்கனித் தரையில் பதித்தான். மாக்கோலம் ஈரத்தில் சரியாகத் தெரியாது. காய்ந்தபின்தான் வெள்ளை பளிச்சிடும். காயட்டும் என்று குளிக்கப் போனான்.

நானும் மாவில் காலை நனைத்துப் பதித்தேன். எனக்கு எதிர்காலத்தில் தளபதி ஆகும் உத்தேசம் இருந்தது. குனிந்து உற்றுப் பார்த்தால், கரண்டியால் தேய்த்த தோசைபோல ஒரே தட்டை. அண்ணனுடையதில் அழகான வளைவு. என் தடத்தைத் துடைத்தேன். அவன் வளைவை விரலால் மாவு தடவி நிரப்பினேன்.

அண்ணன் குளித்துவிட்டு வந்து பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏண்டா கண்ணா, இன்ஜினியரிங் படிச்சா ஆகாதா? ஆத்துலேர்ந்தே போய்ண்டு வந்துண்டு இருக்கலாமே" என்றாள் அம்மா.

"நாளைக்கு இன்னொரு தடவை பாக்கறேன்மா" என்றான். பிறகு தன் பாதாம் பாலை என் பக்கம் தள்ளினான். "நீ குடிடா. எனக்கு எதுக்கு?"

ஆசைப்பட்ட பால்தான். டம்ளரை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

மறுநாள் அவன் மறுபடி தடம் பதித்துவிட்டுக் குளிக்கப் போனபோது, நான் பால்கனிப் பக்கமே தலைவைக்கவில்லை. பிள்ளையாருக்கு இரண்டு தோப்புக்கரணம்கூடப் போட்டேன். அவன் வந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். தடம் காய்ந்திருந்தது. தட்டை! நான் நிரப்பியதைப்போலக் கோணல்மாணலாக இல்லை. விளிம்பு பிசகாத, வழவழப்பான தட்டை. என் பொறாமை நிஜமாகவே அவன் காலைத் தேய்த்துவிட்டது என்று நடுங்கிப்போனேன்.

அண்ணன் கடிதத்தைக் கிழிக்கக் கையில் எடுத்தான்.

"கிழிக்காதேண்ணா! நேத்து நான்தான் மாவால ரொப்பினேன்! இன்னிக்கு சத்தியமா நான் இல்ல!"

"பின்ன யாரு, எதிராத்துப் பூனையா?"

நங். "இது நேத்துக்கு." நங். "இது இன்னிக்கு."

முதல் குட்டு நியாயம். இரண்டாவது குட்டுக்காகத்தான் ஊரைக் கூட்டி அழுதேன். அடி விழுந்தால் குறுக்கே பாயும் அம்மா அன்று சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள். பிறகு மெதுவாக வந்து என் தலையைத் தேய்த்துவிட்டாள்.

அண்ணன் மூன்றாவது தடத்தைக் காயும்வரை பக்கத்திலேயே காவல் நின்றான். வளைவு வில்லாக விழுந்தது. அவன் போயும் சேர்ந்துவிட்டான்.

குட்டு வாங்கிய அன்று பள்ளிக்கூடத்தில், என் தலைமுடியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கிறது என்று பக்கத்துப் பையன் சொன்னான். அண்ணன்மேல் இருந்த ஆத்திரத்தில், அது யார் கை மாவு என்று யோசிக்கவில்லை, தட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, கேட்காமலே எனக்கும் ஒரு டம்ளர் பாதாம் பால் வந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். ஒருவழியாக அண்ணனுக்குச் சமமாகிவிட்டேன் என்று மீசை வரைந்துகொள்ளும்படி குடித்தேன்.