கோர்ட் கலையும் வரை

மரியதாஸ் போய்விட்டார் என்று அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தபோது, நான் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா காலைல எழுந்திருக்கல" என்றாள். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்து, வந்தவரை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். ராயபுரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வழக்கம்போல வலது பக்கமாகப் போய் நின்றேன். அவருக்கு இடது காது கேட்காது. இனி எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான் என்பது கொஞ்ச நேரம் கழித்தே எனக்கு உறைத்தது.

அடக்கத்துக்கு முன் இரண்டு வார்த்தை பேசும்படி பங்குச் சாமியார் சொன்னார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். முப்பதாம் நாள் பூசைக்குப் போடும் நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று ஸ்டெல்லா கேட்டபோது அப்படி மறுக்க முடியவில்லை. இதைப் படிக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் மரியதாஸை நன்றாகத் தெரியும். அந்தக் காது எப்படிப் போனது என்பதும் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு லெவல் கிராசிங்கில் அவர் கேட்கீப்பர். கேட்டுக்கு நேர் எதிரே என் மளிகைக் கடை. மூடிய கேட்டின் முன்னால் அவருக்கு ஆள் தராதரம் கிடையாது. காசிமேட்டு மீன் வண்டியும் போலீஸ் ஜீப்பும் ஒரே வரிசையில்தான் நிற்கும். ஒருமுறை எனக்குச் சரக்கு ஏற்றி வந்த டெம்போ மாட்டிக்கொண்டது. அவர் தினமும் என்னிடம் டீத்தூள் வாங்குகிற உரிமையில், கேட்டைக் கொஞ்சம் தூக்கிவிடக்கூடாதா என்று கேட்டேன். "உனுக்குத் தொறந்துட்டா, அப்பால எவனுக்கு அண்ணாச்சி மூட்றது?" என்றார். எனக்குக் கோபம்தான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் காது போன அன்று காலை, நாலைந்து கார்களோடு எம்.எல்.ஏ. வந்து நின்றார். ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். பிறகு அவரே இறங்கி வந்து, கேட் ரூம் வாசலில் நின்றிருந்த மரியதாஸிடம் திறக்கச் சொன்னார்.

"சிக்னல் குட்த்தாச்சு சார். கூட்ஸ் வந்துகினு கீது. ஏழு நிமிசம் நில்லு சார்."

"நான் யாருன்னு தெரியுமாய்யா?"

"எனுக்குத் தெரியும் சார். வண்டிக்குத் தெரியாது."

அடி விழுந்தது. மரியதாஸ் சுவரில் மோதிக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஆனால் கூட்ஸ் சத்தம் கேட்டதும் எழுந்தார். பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு போய், வண்டி முழுவதும் கடக்கிற வரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். காதிலிருந்து வழிந்த ரத்தம் காலரை நனைத்திருந்தது. கேட் திறந்தது, கார்கள் போயின.

யூனியன்காரர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் போலீஸ் வழக்குப் பதிந்தது. பார்த்த சாட்சி என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள். அந்த வழக்கில் முதல் தண்டனை மரியதாஸுக்குத்தான் கிடைத்தது. காது போனதால் கேட் வேலைக்குத் தகுதியில்லை என்று, ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கப் போட்டுவிட்டார்கள். அடித்தவர் வழக்கு நடக்கும்போதே மந்திரியானார், பதவி போனது, மறுபடியும் எம்.எல்.ஏ. ஆனார். கோர்ட்டுக்கு மட்டும் வரவில்லை. ஒருமுறை சட்டசபை, ஒருமுறை நெஞ்சுவலி, ஒருமுறை வெளியூர். போகவேண்டிய அவசியம் இல்லாத வாய்தாக்களுக்கும் மரியதாஸ் லீவு போட்டுக்கொண்டு போவார். திரும்பும் வழியில் என் கடையில் நின்று, "இன்னிக்கும் வரல" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் குரலில் சலிப்பைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் சாட்சிக்குத் தேதி குறித்த வாரத்தில் எம்.எல்.ஏ. கட்சியின் வட்டச் செயலாளர் கடைக்கு வந்தார். பாட்டிலைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கடை முன்னாடி தகரம் ரோட்டுல நாலடி நீட்டிகினு கீதே அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தெற்கே நாசரேத்திலிருந்து வந்து, என் அப்பா தகரம் தகரமாகச் சேர்த்துப் போட்ட கடை அது. இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கூண்டில் ஏறி, அந்த நேரம் கடையில் கூட்டம் அதிகம், எதையும் பார்க்கவில்லை என்றேன். அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தார். கடைசி வரிசையில் மரியதாஸ், வலது காதைக் கூண்டின் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை டீத்தூளுக்கு வந்தார். நான் முந்திக்கொண்டு, "மரியதாசு, நிசமாவே எனக்கு அன்னைக்குச் சரியாத் தெரியல பாத்துக்க" என்று ஆரம்பித்தேன்.

"அதத்தான் கோர்ட்டுல சொல்லிட்டியே அண்ணாச்சி. என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்ற?" என்றார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. டீத்தூள் வாங்குவதையும் நிறுத்தவில்லை. கடையை மாற்றியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தீர்ப்பு நாளன்று யாருக்கும் சொல்லாமல் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். புழலுக்கு வண்டி தயாராக நிற்கிறதா என்று யூனியன்காரர்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அடிபட்டவரின் சாட்சியமும் டாக்டர் சான்றும் போதும், எம்.எல்.ஏ. குற்றவாளிதான் என்றார் நீதிபதி. தண்டனை, கோர்ட் கலையும் வரை சிறை, கூடவே அபராதம். அதாவது ஜெயிலுக்குப் போகவேண்டாம். மாலை நீதிபதி எழுந்து போகும்வரை அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். இரண்டு வருடம் கொடுத்திருந்தால் பதவி போயிருக்கும். இதில் ஒன்றும் போகவில்லை.

அவர் உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் மரியதாஸும் உட்கார்ந்தார். மற்ற வழக்குகள் நடந்தன. மூன்று மணி வாக்கில் எம்.எல்.ஏ. காலை நீட்டி மடக்கிவிட்டு எழப் பார்த்தார். "உக்காருங்க சார், இன்னும் முடியல" என்றார் கோர்ட் ஊழியர். எம்.எல்.ஏ. உட்கார்ந்துவிட்டார். மரியதாஸ் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைப் பிரிக்கவேயில்லை. சாயங்காலம் நீதிபதி எழுந்தபோதுதான் அவரும் எழுந்தார்.

வெளியே எம்.எல்.ஏ.வுக்கு மாலை போட்டு வெடி வெடித்தார்கள். ஒளிந்து வந்ததை மறந்து மரியதாஸிடம் போய், "இதுக்கா இத்தன வருசம் அலைஞ்ச?" என்றேன்.

"ஏழு நிமிசம் நில்லு சார்னுதான அண்ணாச்சி அன்னிக்குச் சொன்னேன். நிக்கல. இன்னிக்கு உக்காந்தான். எழுந்துக்கலாம்னு சொன்னப்பறம்தான் எழுந்தான்."

அதுவும் நிலைக்கவில்லை. அப்பீலில் எம்.எல்.ஏ. விடுதலையானார். யூனியன் வக்கீல் தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். மரியதாஸ் அந்தத் தாளோடு கடைக்கு வந்து, கண்ணாடி கொண்டுவரவில்லை, படி என்றார். 'சம்பவ இடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஒரே சார்பற்ற சாட்சி, அரசுத் தரப்பை ஆதரிக்கவில்லை' என்ற வரியில் நிறுத்திவிட்டேன். "படி" என்றார். மீதியையும் படித்தேன். தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி. டீத்தூளு குடு" என்றார்.

அதற்குப் பிறகும் பல மாதம் அவர் தினமும் வந்தார். ஒரு நாள் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பொட்டலம் மடித்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்காததை இனி எந்தச் சாமியாராலும் சரிசெய்ய முடியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் 'படி' என்ற ஒரு சொல்தான். கோர்ட்டில் நான் விட்டுவிட்ட வரியையும் படிக்கவேண்டியிருக்கிறது. அதனால் கூண்டில் சொல்லாததை இந்த மலரில் சொல்கிறேன். என் தகரத்தை யார் வேண்டுமானாலும் வந்து பிடுங்கிக்கொள்ளட்டும்.

காலை ஒன்பதேகால் மணி. நல்ல வெயில். என் கல்லாவிலிருந்து கேட் ரூம் வாசல் இருபதடி. எம்.எல்.ஏ. வலது கையால் அடித்தார், மரியதாஸின் இடது காதில் விழுந்தது. கடையில் அப்போது ஒருவரும் இல்லை. நான் பார்த்தேன்.