மூன்றாம் மாடிக்குக் கேட்ட டிரம்பெட்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் 'ஷிப்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது அவள் அடுப்பு வாயில் நின்று வேகுவாள். காலையில் வந்து சமைத்து, துவைத்து, மதியத்துக்கு மேல் கட்டையைச் சாய்த்தால் இருட்டுகிற வரைக்கும் தூக்கம். கணவன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். என்றைக்காவது வீட்டில் இருந்தாலும் பகலெல்லாம் குறட்டைதான். ஆக, அந்த வீட்டில் சத்தம் போடுவது குற்றம்.

அதற்கு என்னென்ன ஏற்பாடு என்கிறீர்கள்! கதவுக் கீலுக்கு மாதாமாதம் எண்ணெய். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ். பாத்திரம் கவிழ்க்கிற இடத்தில் மடித்த போர்வை. பேச்சு கிடையாது, சைகைதான். வயிற்றைத் தட்டினால் பசி, உதட்டில் விரல் வைத்தால் மூச்சுக்கூட விடாதே. மகள் நடக்கப் பழகியதே நுனிக்காலில் என்பதால் அவளுக்குச் செல்லப்பெயர் பூனை. பதினைந்து வயதாகிறது. வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மாவுக்கு அப்படியொரு பெருமை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறாள், வெறும் காற்றுதான் வருகிறது என்று வகுப்பு டீச்சர் எத்தனையோ தடவை புலம்பியாயிற்று. அடக்கமான பிள்ளையைக் கண்டால் இவர்களுக்கு ஆகாது என்று ஷிப்ட் அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கையில்தான் தரைத்தள ஹாலில் இசை வகுப்பு வந்து சேர்ந்தது. தபால் ஆபீசில் வேலை பார்க்கிற ஓர் இளம்பெண், சாயங்காலம் வந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுத்தாள். வாத்தியங்களும் இரவல் கிடைத்தன. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நேர் மேலே மூன்றாம் மாடியில் ஒருத்தி தூங்கவேண்டுமே. டிரம்ஸைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு டிரம்பெட் இருந்தது பாருங்கள், அதுதான் உயிரை எடுத்தது. முதலில் தொண்டை கட்டிய வாத்து மாதிரி கத்தியது. போகப்போகத் தேறி, யாரையோ சண்டைக்கு இழுப்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஷிப்ட் அக்கா நேராகக் குடியிருப்பு மேனேஜரிடம் போனாள். பெற்றவர்கள் சரியில்லை, அதனால்தான் இந்தக் கூத்து என்று பொரிந்து தள்ளினாள். கடைசியில் தன் வீட்டையே எடுத்துக்காட்டினாள்.

"என் வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கா சார். இருக்காளான்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேனேஜர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த தடவை தொந்தரவு வந்தால் தன்னைக் கூப்பிடும்படியும், எந்த வாத்தியம் என்று நேரில் காட்டினால் அன்றோடு நிறுத்திவிடுவதாகவும் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே வகுப்பு டீச்சர் போன் செய்தார். பூனை இப்போது தானாக எழுந்து பதில் சொல்கிறாளாம், பள்ளிக்கூடம் முழுக்கக் கூடியிருக்கும்போது மைக் முன்னால் நின்று வாசித்தாளாம், வீட்டில் என்ன மாயம் செய்தீர்கள் என்று கேட்டார். வேறு யாரோ அம்மாவுக்குப் போட வேண்டிய போன் இது என்று ஷிப்ட் அக்கா நம்பரைச் சரிபார்க்கச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் அந்த டிரம்பெட் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. இதற்கு மேல் முடியாது. அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு இறங்கினாள், மேனேஜரையும் கையோடு இழுத்துக்கொண்டு ஹால் கதவைத் தள்ளினாள்.

முன்வரிசையில், கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தாள் பூனை. நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன பூனை.

ஷிப்ட் அக்காவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆள் மாறாட்டமோ என்று இன்னொரு தரம் பார்த்தாள். அதே சட்டை, நேற்று அவளே பொத்தான் தைத்தது.

கதவுச் சத்தத்தில் பூனை கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். டிரம்பெட் பட்டென்று இறங்கியது. அடுத்த கணம் அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? மற்ற பிள்ளைகள் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள். டிரம்ஸ், கிட்டார், சிரிப்பு எல்லாம் அப்படியே நின்றன. குண்டூசி விழுந்தால் கேட்கும். தான் சொல்லிக்கொடுத்த சைகை ஒரு ஹாலையே அணைத்துப் போட்டதை அம்மா பார்த்தாள்.

விஷயம் தெரியாத மேனேஜர் குறுக்கே புகுந்தார். "எதும்மா அது? காட்டுங்க, இன்னையோட நிறுத்திடலாம்."

மேனேஜரிடம் புகார் சொன்னது யார் என்று பூனைக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்தது. ஆனால் அவள் தரையைப் பார்க்கவில்லை.

"என்னோடதுதான் சார். நான் நிறுத்த மாட்டேன். இங்க வந்தப்புறம்தான் நான் இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது."

அடிவயிற்றிலிருந்து வந்த குரல், எதிர்ச்சுவர் வரை போனது. பிறந்த அன்று அழுத அழுகைக்குப் பிறகு இவ்வளவு சத்தம் அந்தப் பிள்ளையிடமிருந்து அம்மா கேட்டதே இல்லை. இவளுக்கு இப்படி ஒரு குரலா? இதையா நான் இத்தனை வருஷம் எண்ணெய் போட்டு, துணி சுற்றி அமுக்கி வைத்திருந்தேன்? பேச வாயைத் திறந்தால் பழக்கதோஷம், கிசுகிசுப்புதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மூணாவது மாடிக்குச் சரியாக் கேக்கல சார். அதைத்தான் சொல்ல வந்தேன்."

மேனேஜர் திருதிருவென விழித்தார். ஷிப்ட் அக்கா யார் முகத்தையும் பாராமல் படியேறி வந்து படுத்துக்கொண்டாள். கீழே மூச்சுப் பேச்சில்லை. கெட்டது குடி, பிள்ளையைப் பயமுறுத்திவிட்டோமே, இனி ஊதவே மாட்டாளோ என்று கிடந்து தவித்தாள். பொறுக்கமுடியாமல் எழுந்து, ஜன்னலைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"ஊதுடி!"

அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை. தன் குரலைக் கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.