ஆரோக்கியநாதரின் தொடைப் புண்

என் நாத்தனாருக்கு மேடுபள்ளம் ஆகாது. எங்கே பள்ளத்தைப் பார்த்தாலும் அதை அடைத்துத் தேய்த்து மழமழவென்று ஆக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். எங்கள் கார்ப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. மோதி நசுங்கி வரும் வண்டியை என் கணவர் தட்டி நிமிர்த்துவார். மிச்சமிருக்கும் குழிகளில் இவர் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடிப்பார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பியது அந்தக் கைக்குத் தப்பாது. அதனால் எல்லோருக்கும் அவர் பட்டியக்கா, எனக்கு மட்டும் அண்ணி.

கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. அப்படி ஒரு பார்வை பார்ப்பார்.

பங்குச் சாமியாரின் பழைய கார் ஒருநாள் கோயில் மதிலிலேயே மோதிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தது. அண்ணியின் கைபட்டுத் திரும்பியபோது அது தன் கார்தானா என்று சாமியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மயக்கத்தில், கோயிலில் இருந்த ஐந்து புனிதர்களின் சுரூபச் சிலைகளையும் புதுப்பிக்கும் வேலையை அண்ணியிடம் ஒப்படைத்தார். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் போக்குவரத்து கிடையாது. யார் எந்தப் புனிதர், யார் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. லூசியம்மாள் ஏந்தியிருக்கும் தட்டில் இருப்பவை கண்கள் என்று சாமியார் முன்கூட்டியே சொல்லிவைத்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால் அவை முட்டைகளாகியிருக்கும்.

ஒருவரைப் பற்றி மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார். கையில் கோல், காலடியில் நாய், அங்கியை ஒருபக்கம் தூக்கிப் பிடித்தபடி நிற்பவர். அவருடைய தொடையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. அண்ணி அதைப் பார்த்ததும், “எவனோ ஏணியால இடிச்சிருக்கான்” என்றார். பட்டி வைத்தார், தேய்த்தார், தோல் நிறம் அடித்தார். தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். நாயின் வாயிலிருந்த உருண்டைக்குச் சிவப்பு அடித்துப் பந்தாக்கியதும் அவர்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு வாங்கிக்கொள்ள இருவரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனோம். நான்கு சுரூபங்களைப் பார்த்து ஆகா என்றவர்கள் ஐந்தாவதன் முன்னால் திருதிருவென்று விழித்தார்கள்.

“யாருங்க இவரு? எதுக்குத் தொடையைக் காட்டிட்டு நிக்கிறாரு?”

“கொசு கடிச்சிருக்கும்” என்றார் பங்குப் பேரவைச் செயலாளர். சிரிப்பு கிளம்பியது.

அப்போதுதான் ஒரு அம்மா வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றபடியே வேலை பார்ப்பவர். கணுக்காலுக்கு மேலே கட்டு. ஏழு வருஷமாக ஆறாத புண் என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் சுரூபத்தின் தொடைக் குழியில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாராம். அன்றும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். விரல் மேலே தேடியது, கீழே தேடியது. கண்ணைத் திறந்து பார்த்தார்.

“இவருக்கு ஆறிடுச்சு போல” என்றார். “சரி, நல்லா இருக்கட்டும்.”

பூசைக்குக்கூட நிற்காமல் காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அண்ணிக்குக் கோபம் வந்தது, தன்மேலேயே.

பூசை முடிந்ததும் செயலாளர் கைப்பேசியில் ஒரு கடையின் படங்களைச் சாமியாரிடம் காட்டிக்கொண்டிருந்தார். “ஃபைபர்ல புதுசா வாங்கிடலாம் ஃபாதர். புண்ணு, நாய் எல்லாம் சேர்ந்தே வருது. இதைப் பின்னாடி ரூம்ல போட்டுடலாம்.”

அண்ணி நடுவில் போய் நின்றார். “அடைச்சது நான். நானே திறக்கறேன்.”

“முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சுக்கறேன்.”

சாமியார் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “அடுத்த ஞாயிறு வரைக்கும் பாருங்க. சரியா வரலைன்னா மாத்திடுவோம்” என்றார்.

பூசை உடுப்பு மாற்றும் அறையில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. அந்தப் புனிதரின் வாழ்க்கை ஆறு கட்டங்களில். அவர் பெயர் ஆரோக்கியநாதர் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். முதல் கட்டத்தில் சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுக்கிறார். அடுத்ததில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை. மூன்றாவதில் நோய் அவரையே பிடிக்கிறது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று காட்டுக்குப் போய்க் கிடக்கிறார். அங்கே ஒரு நாய் தினமும் ரொட்டி கவ்வி வந்து கொடுக்கிறது. ஐந்தாவதில் பிழைத்து ஊர் திரும்பியவரைச் சொந்தக்காரர்களே அடையாளம் தெரியாமல் சிறையில் தள்ளுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் அங்கேயே சாகிறார்.

“ரொட்டியா அது?” என்றார் அண்ணி.

“எந்தப் படத்துலயும் புண்ணைக் காட்டிட்டுத்தான் நிப்பாரும்மா” என்றார் சாமியார். “இராயப்பருக்குச் சாவி எப்படி அடையாளமோ, இவருக்கு இது.”

“அப்ப நான் நம்பர் பிளேட்டையே கழட்டிட்டேன்” என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கோயிலுக்கே போய் வேலையைத் தொடங்கினார். பட்டி கல்லாக இறுகியிருந்தது. சுற்றியிருந்த சுண்ணச்சாந்தோ பொடிந்துவிடும் பதத்தில் இருந்தது. உளியை ஓங்கினால் தொடையே கழன்று வரும். அதனால் மெல்லிய பிளேடால் மூன்று நாள் சுரண்டினார். பட்டறையில் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. என் கணவர் வந்து பல்லைக் கடித்தார். “அந்த வண்டிக்கெல்லாம் வலிக்காதுடா, நிக்கட்டும்” என்ற அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புதன்கிழமை, குழியின் விளிம்பில் பழைய கருஞ்சிவப்பு வளையம் தெரிந்தது. அகலம் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டி அடிச்சாந்தோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்ததால் பழைய ஆழம் எவ்வளவு என்பது தெரியாமல் போய்விட்டது. ஆறு கட்டப் படத்தில் புண் மிளகளவுதான். கோயிலில் எடுத்த புகைப்படங்களிலோ எல்லோரும் சுரூபத்துக்கு முன்னால் நின்று அதை மறைத்திருந்தார்கள். ஒரு கணக்குப் போட்டு அடிப்பாகத்தை மெழுகினார். அவருக்கே அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை சலவைக்கூடத்துக்குப் போனோம். நீராவியில் எதிரே நிற்பவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அந்த அம்மா போர்வைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் கை நின்றது.

“நீங்கதானா. நல்லாத்தானேம்மா பண்ணியிருக்கீங்க. அழகா இருந்தாரு.”

“தப்பா பண்ணிட்டேன்மா. புண்ணுன்னு தெரியாம அடைச்சிட்டேன். நாளைக்கு நீங்க வரணும்.”

“நான் எதுக்கு? பெரியவங்க இருக்காங்க, பார்த்துச் சொல்லுவாங்க.”

“கண்ணால பார்த்தவங்க நூறு பேரு இருக்காங்க. விரலால பார்த்தது நீங்க மட்டும்தான். நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.”

அவர் அடுத்த போர்வையை எடுத்து உதறினார். அதன் மறுமுனையை அண்ணி பிடித்துக்கொண்டார். இருவரும் முப்பது நாற்பது போர்வைகள் மடித்திருப்பார்கள். கிளம்பும்போது, “கால் வலி இல்லன்னா வரேன்” என்றார் அந்த அம்மா.

மறுநாள் பூசைக்கு அரைமணி நேரம் முன்பே கோயில் நிறைந்துவிட்டது. வேடிக்கை என்றால் சும்மாவா. நாயின் வாயில் ரொட்டி ரொட்டியாகவே இருந்தது. தொடையில் கருஞ்சிவப்பாகப் புண். “பரவாயில்லையே” என்றார் செயலாளர். இதற்குமேல் என்ன வேண்டும் என்று எனக்கு உயிர் வந்தது. அண்ணி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா வந்தார். கண்ணை மூடினார். விரலை வைத்தார்.

“ஆழம் பத்தாது” என்றார்.

“பார்த்தீங்களா ஃபாதர்? நான் அப்பவே சொன்னேன்” என்று செயலாளர் கைப்பேசியை எடுத்தார்.

அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. பையிலிருந்து பிளேடை எடுத்தார். நல்ல புடவையோடு தரையில் மண்டியிட்டு, அத்தனை பேர் முன்னால் ஒரு வார வேலையைச் சுரண்டத் தொடங்கினார். வெள்ளைப் பொடி மடியில் உதிர்ந்தது. “இப்ப பாருங்கம்மா.” விரல் போனது. “இன்னும் கொஞ்சம்.” மறுபடியும் சுரண்டினார். “உள்பக்கம் கொஞ்சம் சாய்வா இருக்கும்மா, மேல் நோக்கி.” பிளேடு சாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. கோயில் முழுக்க அந்தச் சுரண்டும் சத்தம்தான். நான்காம் முறை அந்த அம்மாவின் விரல் உள்ளே போய் அப்படியே நின்றது. தோள்கள் மெல்லக் குலுங்கின.

பூசைக்கு மணி அடித்தது. செயலாளர் குனிந்து, “சீக்கிரம் பெயின்டை அடிச்சு முடிங்கம்மா, வெள்ளையா அசிங்கமா இருக்கு. ஃபாதர் உடுப்பு மாத்திட்டு வராரு” என்றார்.

அண்ணி தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“பெயின்ட் நாளைக்கு அடிச்சுக்கலாம்” என்றார். “அவங்க கையை எடுக்கட்டும்.”